பூட்டிக் கிடக்கும் ஃபயர் ஸ்டேஷனுக்கு நடுராத்திரியில் ஆள் வருவது எப்படி?

கேள்வி: அமெரிக்காவில் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறேன். பக்கத்துத் தெரு ஃபயர் ஸ்டேஷன் எப்போது பார்த்தாலும் பூட்டியே கிடக்கிறது. போன வாரம் ராத்திரி சைரன் ஊதியது. ஏழெட்டு நிமிடத்தில் இரண்டு வண்டிகள் கிளம்பிப் போயின. ஆட்கள் எங்கிருந்து வந்தார்கள்? எதிர்வீட்டுக்காரர் இடுப்பில் அந்தக் காலத்துப் பேஜர் மாதிரி ஒன்றை மாட்டியிருக்கிறார். செல்போன் காலத்தில் அது எதற்கு?

பதில்:

அந்த ஆட்களில் ஒருவர் உங்கள் எதிர்வீட்டுக்காரர்தான் சார். மற்றவர்களும் அதே போல நாலு தெரு தள்ளித் தூங்கிக்கொண்டிருந்தவர்கள். நம் ஊரில் தீயணைப்பு நிலையம் என்றால் சம்பளத்துக்கு ஆட்கள் ஷிப்ட் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். அமெரிக்காவில் பெருநகரங்களில் அப்படித்தான். ஆனால் நாடு முழுக்கக் கணக்கெடுத்தால், 2020 நிலவரப்படி சுமார் 10 லட்சத்து 40 ஆயிரம் தீயணைப்பு வீரர்களில் 65 சதவீதம் பேர் தன்னார்வலர்கள். பகலில் தச்சு வேலை, பள்ளிக்கூட வேலை, பால் பண்ணை. கூப்பிட்டால் ஓடி வருவார்கள். பிலடெல்பியாவில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1736-ல் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு தொடங்கிய ஏற்பாட்டின் வாரிசுகள் இவர்கள்.

நானும் பென்சில்வேனியாவில் ஒரு சிற்றூரில் அப்படி ஒரு ஆள். பிழைப்பு கம்ப்யூட்டரில். ஹாம் ரேடியோ பைத்தியம் முன்பே உண்டு என்பதால் எங்கள் கம்பெனியில் ரேடியோ சம்பந்தப்பட்ட எடுபிடி வேலை எல்லாம் என் தலையில்தான் விழும். (இங்கே தன்னார்வத் தீயணைப்புக் குழுவைக் கம்பெனி என்றுதான் சொல்வார்கள். லாப நட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.) அதனால் உங்கள் கேள்விக்குக் கொஞ்சம் நீட்டியே பதில் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். தீயணைப்பில் ரேடியோவுக்கு இரண்டு வேலைகள். ஒன்று, ஊருக்குள் சிதறிக் கிடப்பவர்களைக் கூப்பிடுவது. இன்னொன்று, வந்து சேர்ந்தவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது. முன்னது தண்டோரா, அடிப்பவன் ஒருவன், கேட்பவர்கள் ஐம்பது பேர், பதில் சொல்ல வேண்டியதில்லை. பின்னது புகைக்குள் கண் தெரியாமல் நிற்கும் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக்கொள்வது. கருவி ஒன்று போலத் தெரிந்தாலும் இரண்டுக்கும் தேவைப்படுவது வேறு வேறு. இரண்டையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டியபோதெல்லாம் ஆட்கள் செத்திருக்கிறார்கள். அதைப் பிறகு சொல்கிறேன்.

தண்டோராவிலிருந்து ஆரம்பிப்போம்.

ராத்திரி 2:40 என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரோ 911-க்குப் போன் செய்து அடுப்படியில் தீ என்கிறார்கள். அந்த அழைப்பு ஸ்டேஷனுக்கு வராது. கவுண்டியின் கன்ட்ரோல் ரூமுக்குப் போகும். நம் கணக்கில் மாவட்டத் தலைமையகம் மாதிரி. அங்கே ஒருவர் போனில் விவரம் கேட்கக் கேட்க, கம்ப்யூட்டர் அந்த முகவரிக்கு எந்தெந்தக் கம்பெனி போக வேண்டும் என்று பட்டியல் எடுத்துக் கொடுக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் டிஸ்பாட்சர், அதாவது வண்டிகளைக் கூப்பிட்டு அனுப்புகிறவர், ஒரு பொத்தானை அழுத்துவார். என் கட்டிலுக்குப் பக்கத்தில் சார்ஜரில் உட்கார்ந்திருக்கும் பேஜர் அதுவரை ஊமையாக இருந்திருக்கும். திடீரென்று அது கத்தும். கத்தி முடித்ததும் லேசான இரைச்சல், அப்புறம் டிஸ்பாட்சரின் குரல்: கம்பெனி எண், பாக்ஸ் எண், வீட்டில் தீ, முகவரி, குறுக்குத் தெரு, உள்ளே ஆள் இருக்கலாம். முகவரியை இரண்டு முறை சொல்வார். கடைசியில் மணியைச் சொல்லி, ரேடியோ உரிமத்தின் அழைப்புக் குறியைச் சொல்லி முடிப்பார். மொத்தம் அரை நிமிடம், முக்கால் நிமிடம். அதற்குள் நான் பேன்ட் மாட்டியிருப்பேன்.

அந்தப் பாக்ஸ் எண் என்பது ஒரு சுவாரசியமான மிச்சம். பாஸ்டனில் 1852-ல் வில்லியம் சானிங், மோசஸ் ஃபார்மர் என்ற இருவர் தந்தி முறையில் தீ அறிவிப்பை ஏற்பாடு செய்தார்கள். தெருமுனைக்கு ஒரு பெட்டி. உள்ளே பல் வெட்டிய சக்கரம். கைப்பிடியை இழுத்தால் சக்கரம் சுழன்று, பெட்டியின் எண்ணைத் தந்தித் துடிப்புகளாக அனுப்பும்; ஸ்டேஷனில் மணி அத்தனை முறை அடிக்கும். 1872-ல் பாஸ்டன் நகரத்தின் நடுப்பகுதியை எரித்த பெருந்தீக்கு வந்த முதல் எண் 52. அந்த ஊர்த் தீயணைப்பு ஆர்வலர்கள் இன்றும் அந்த எண்ணை மறக்கவில்லை. எங்கள் ஊரில் பெட்டியும் இல்லை, கம்பியும் இல்லை. ஆனாலும் ‘பாக்ஸ் இத்தனை’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். இன்ன பகுதியில் தீ என்றால் இன்னின்ன வண்டிகள் என்ற முன்கூட்டிய பட்டியலுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

சரி, கவுண்டி முழுக்க நாற்பது ஐம்பது கம்பெனிகள். எல்லோருடைய பேஜரும் ஒரே அலைவரிசையைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது. பிறகு எப்படி என் பேஜர் மட்டும் கத்துகிறது? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வருகிறது.

பேஜர் எப்போதும் கேட்டுக்கொண்டே இருக்கும், ஆனால் ஸ்பீக்கரைத் திறக்காது. குறிப்பிட்ட இரண்டு ஒலிகள், குறிப்பிட்ட வரிசையில் வந்தால்தான் திறக்கும். முதல் ஒலி 1 விநாடி, உடனே இரண்டாவது 3 விநாடி. இது பரவலான வழக்கம். மோட்டோரோலா இதற்கு ‘குவிக் கால் 2’ என்று பெயர் வைத்தது, பேச்சுவழக்கில் டூ-டோன். எங்கள் கம்பெனிக்கு ஒரு ஜோடி, அடுத்த ஊர்க் கம்பெனிக்கு வேறு ஜோடி, ஆம்புலன்ஸுக்கு இன்னொன்று.

அந்த ஒலிகளின் பட்டியலைப் பாருங்கள். முதல் தொகுதி 349.0 ஹெர்ட்ஸில் ஆரம்பிக்கிறது; அடுத்து 368.5, 389.0, 410.8, 433.7 என்று ஏறி 539.0-ல் முடிகிறது. சங்கீதம் தெரிந்தவர் என்றால் ஒன்று கவனித்திருப்பீர்கள்: 349 என்பது கிட்டத்தட்ட நாலு கட்டை ஸ்ருதி. ஆனால் அடுத்தடுத்த படிகள் நம் ஸ்வரஸ்தானங்களில் உட்காராது. ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஏறக்குறைய ஐந்தரை சதவீதம் அதிகம். ஹார்மோனியத்தில் ஒரு கட்டையிலிருந்து அடுத்த கட்டைக்குப் போகும் தூரத்தைவிட ஒரு துளி குறைவு. அதனால் மேல் ஸ்தாயி ஸட்ஜம் சரியாக வந்து விழாது. 349-ஐ இரட்டித்தால் 698. பட்டியலில் 669.9 இருக்கிறது, அதற்கு அடுத்தது 707.3, 698 இல்லை. ஒலிபெருக்கியில் கொஞ்சம் பிசிறு தட்டினால் மூல ஒலியோடு அதன் இரட்டிப்பும் சேர்ந்து வரும். அந்த இரட்டிப்பு வேறு கம்பெனியின் டோனாக இருந்துவிட்டால் ஊரே தவறாக எழுந்துவிடும். இந்தப் பட்டியலில் அந்த ஆபத்து இல்லை.

ஏன் இரண்டு ஒலி? ஒன்று போதாதா? மனிதர்கள் பேசும்போது, யாராவது விசில் அடிக்கும்போது, பின்னணியில் சைரன் ஓடும்போது ஏதாவது ஒரு ஒலி தற்செயலாகப் பொருந்திவிடலாம். சரியான இரண்டு ஒலி, சரியான வரிசையில், சரியான நேரம் நீடித்து வருவது தற்செயலாக நடப்பது அபூர்வம். அத்துடன் பத்து ஒலிகளை வைத்துக்கொண்டு வரிசை மாற்றி மாற்றிப் போட்டாலே 90 ஜோடி கிடைத்துவிடும். பழைய கருவிகளில் இந்த ஒலியை அடையாளம் கண்டது சிலிக்கான் சில்லு இல்லை. குட்டி உலோக நாக்கு. தன் அதிர்வெண் வந்தால் மட்டும் அதிரும். நெப்ராஸ்காவில் ஓவர்டன் என்ற சிற்றூரில் தயாரான பிளெக்ட்ரான் பெட்டி ஒரு காலத்தில் இங்கே பல வீரர்களின் வீட்டு அலமாரியில் இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வெளியே போக முடியாது. 1970-களில் மோட்டோரோலாவின் மினிட்டர் பேஜர் வந்தபிறகுதான் தண்டோரா இடுப்புக்கு இறங்கியது. உங்கள் எதிர்வீட்டுக்காரரிடம் இருப்பது அநேகமாக அதன் பேரப்பிள்ளை.

உங்களைத் தூக்கத்திலிருந்து எழுப்பிய சைரனுக்கும் இதே கதைதான். கூரை மேல் இருக்கும் சைரனுக்குள் ஒரு ரிசீவர் உட்கார்ந்திருக்கும். அதே டோன் ஜோடி வந்தால் சுவிட்ச் போட்டுக்கொள்ளும். புதிதாகக் குடிவந்தவர்கள் ஊர்க் கூட்டத்தில் எழுந்து ‘ராத்திரியில் அதை நிறுத்துங்கள்’ என்பதும், கிழவர்கள் முறைப்பதும் ஆண்டுதோறும் நடக்கும் திருவிழா.

சொந்த டோன் காதில் பதிந்துவிடும். அடுத்த கம்பெனிக்கு அடித்தால் புரண்டு படுப்போம். நம்முடையது அடித்தால் கண் திறக்கும் முன் கால் தரையில் இருக்கும். என் மகள் இரண்டரை வயதில் பொம்மைக் காரை ஓட்டும்போது எங்கள் டோனைத்தான் பாடுவாள், சுருதி சுத்தமாக.

இந்த முறையில் ஒரு வேடிக்கையான குறையும் உண்டு. பெரிய தீ என்றால் ஐந்தாறு கம்பெனிகளைக் கூப்பிட வேண்டும். ஒவ்வொரு ஜோடிக்கும் 4 விநாடி. ஒன்றன் பின் ஒன்றாகத்தான் அடிக்க முடியும். முதலில் அழைக்கப்பட்டவர் பேஜர் திறந்ததும் மற்றவர்களுடைய டோன்களையெல்லாம் இருபது இருபத்தைந்து விநாடி கேட்டுக்கொண்டு நிற்பார். முகவரி அதற்கப்புறம்தான். ஆனால் அனுபவசாலிகள் அதிலேயே செய்தி படித்துவிடுவார்கள்: ‘இத்தனை டோன் அடிக்கிறது, இது குப்பைத் தொட்டித் தீ இல்லை.’

ஐரோப்பாவில் வேறு வழி எடுத்தார்கள். நெதர்லாந்தில் பி2000 என்று நாடு முழுவதற்கும் ஒரே பேஜிங் வலை. குரல் கிடையாது, எழுத்துச் செய்தி மட்டும். ஜெர்மனியில் ஐந்து ஒலிகளை வரிசையாக அடிக்கும் முறை பல பத்தாண்டுகள் ஓடியது. எழுத்துச் செய்தி கண் இமைக்கும் நேரத்தில் போய்விடும், முகவரி மறக்காது. ஆனாலும் எனக்குக் குரல்தான் பிடிக்கும். டிஸ்பாட்சரின் குரலில் இருக்கும் அவசரத்தை எழுத்தில் அனுப்ப முடியாது.

இப்போது உங்கள் செல்போன் கேள்வி.

செல்போனிலும் எங்களுக்கு ஆப் இருக்கிறது. வரைபடம் காட்டும், பக்கத்தில் தண்ணீர்க் குழாய் எங்கே என்று காட்டும், ‘வருகிறேன்’ என்று ஒரு பொத்தானை அழுத்தினால் யார் யார் வருகிறார்கள் என்று ஸ்டேஷன் டிவியில் பெயர் விழும். நல்ல விஷயம்தான். பேஜரால் இது முடியாது. அது கேட்கும், பேசாது. தண்டோரா போட்டவருக்கு எத்தனை காதில் விழுந்தது என்று தெரியாது. அதனால்தான் சில நிமிடம் பார்த்துவிட்டு யாரும் வண்டி எடுக்கவில்லை என்றால் மறுபடியும் டோன் அடிப்பார்கள். அடுத்த கம்பெனியையும் கூப்பிடுவார்கள். பகல் நேரத்தில், ஆட்கள் வேலைக்குப் போயிருக்கும்போது, அந்த இரண்டாவது டோன் கேட்பது வயிற்றைப் பிசையும்.

ஆனால் எழுப்பும் பொறுப்பைப் போனிடம் மட்டும் விட மாட்டேன். ஐம்பது பேருக்குப் போனில் தகவல் போவது என்றால் ஐம்பது தனித்தனித் தபால். கன்ட்ரோல் ரூமிலிருந்து கிளம்பி, இன்டர்நெட்டில் ஏறி, ஆப்பிள் அல்லது கூகுளின் சர்வரில் இறங்கி, செல் டவருக்கு வந்து, உங்கள் போன் அப்போது என்ன மனநிலையில் இருக்கிறதோ அதைப் பொறுத்து மணி அடிக்கும். வழக்கமாக இரண்டு மூன்று விநாடியில் வந்துவிடும். புயல் அடித்து, ஊரே ஒரே நேரத்தில் போனை எடுக்கும் ராத்திரியில்தான் தாமதமாகும். எங்களைக் கூப்பிட வேண்டியதும் அந்த ராத்திரியில்தான். பேஜர் விஷயத்தில் நடுவே இருப்பது கவுண்டியின் டவரும், அதற்கான ஜெனரேட்டரும் மட்டும். ஒரு முறை அடித்தால் கேட்கும் தூரத்தில் ஐந்து பேர் இருந்தாலும் ஐந்நூறு பேர் இருந்தாலும் அதற்கு ஒன்றுதான்.

அலைவரிசையும் உதவுகிறது. எங்கள் பக்கம் பேஜிங் நடப்பது விஎச்எஃப் பட்டையில், 150 மெகாஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில். மலையும் மரமும் உள்ள இடத்தில் இது நன்றாகப் பரவும். பல கவுண்டிகள் கோடிக்கணக்கில் செலவழித்துப் பேச்சுக்கு 700, 800 மெகாஹெர்ட்ஸ் டிஜிட்டல் முறைக்கு மாறிய பிறகும், பேஜிங்குக்கு மட்டும் பழைய விஎச்எஃப் டவரைக் கழற்றாமல் வைத்திருப்பதைப் பார்க்கலாம். டிஜிட்டல் பேஜரும் வந்துவிட்டது. வாங்கப் போனால் விலை மயக்கம் தரும்.

2013 ஜனவரி 1-க்குள் எல்லோரும் அலைவரிசை அகலத்தை 25 கிலோஹெர்ட்ஸிலிருந்து 12.5 ஆகக் குறைக்க வேண்டும் என்று மத்தியத் தகவல்தொடர்பு ஆணையம் உத்தரவு போட்டது. நெரிசலைக் குறைக்க நியாயமான காரணம்தான். ஆனால் பழைய பேஜர்களை வைத்திருந்த சின்னக் கம்பெனிகளுக்கு அதன் பலன் வேறு மாதிரி தெரிந்தது: குரல் பாதியாகத் தணிந்துபோனது. ரேடியோ அலையை எவ்வளவு அகலமாக ஆட்டுகிறோமோ அவ்வளவுதான் சத்தம். அகலம் பாதி, சத்தமும் பாதி.

என் வீட்டிலேயே ஒரு வேடிக்கை நடந்தது. கவுண்டியில் ஒரு டவர் போதவில்லை என்று நாலு டவரிலிருந்து ஒரே அலைவரிசையில், ஒரே நேரத்தில் அனுப்பும் முறைக்கு மாறினார்கள். சைமல்காஸ்ட் என்பார்கள். எல்லா டவரும் ஜிபிஎஸ் கடிகாரத்தைப் பார்த்து நூலிழை பிசகாமல் சேர்ந்து பாட வேண்டும். ஒரு டவர் மிக அருகில் இருந்தால் பிரச்சினை இல்லை. எஃப்எம்மின் குணமே பலசாலியைப் பிடித்துக்கொண்டு மற்றதை மறப்பது. இரண்டு டவரும் சம பலத்தில் வந்து சேரும் இடங்களில்தான் வம்பு. என் சமையலறை அப்படி ஓர் இடம் என்று முதல் வாரமே தெரிந்தது. டோன் கேட்டுப் பேஜர் சரியாகத் திறந்தது. பின்னால் வந்த குரல் மட்டும் தண்ணீருக்கடியில் கொப்புளிப்பது போல இருந்தது. தெருப் பெயர் பிடிபடவில்லை. பேஜரை எடுத்துக்கொண்டு இரண்டடி தள்ளி ஃபிரிட்ஜ் பக்கம் போனால் குரல் தெளிவு. விஎச்எஃப் அலையின் நீளமே சுமார் இரண்டு மீட்டர்; ஓர் அடி இரண்டு அடி நகர்வதுகூடக் கணக்குதான். டவர்களின் தாமதத்தைச் சரிசெய்ய டெக்னீஷியன்களுக்கு இரண்டு மாதம் ஆயிற்று. அதுவரை என் பேஜர் ஃபிரிட்ஜ் தலைமேல் வாசம்.

கூப்பிடுவது இத்தனை. இனி பேசுவது.

ஸ்டேஷனுக்கு ஓடி, கோட்டு மாட்டி, வண்டியில் ஏறியதும் முன் சீட்டில் இருப்பவர் மைக்கை எடுத்து, எங்கள் இன்ஜின் கிளம்பிவிட்டது, நாலு பேர் இருக்கிறோம் என்பார். வண்டியில் உள்ள ரேடியோ பலமானது. கையில் பிடிக்கும் வாக்கி-டாக்கிக்கு அதிகபட்சம் 5 வாட். டவர் மலை மேல் நின்று கத்துவது நமக்குக் கேட்கும். நாம் பள்ளத்தில் நின்று முனகுவது டவருக்குக் கேட்காது. அதற்காகக் கவுண்டி முழுக்க ஆங்காங்கே கேட்கும் பெட்டிகளை மட்டும் வைத்து, எந்தப் பெட்டிக்கு நம் குரல் தெளிவாக விழுகிறதோ அதைத் தேர்ந்தெடுத்து அனுப்ப ஒரு கருவியும் வைப்பார்கள். தூரத்தில் இருப்பவர்களும் கேட்க வேண்டும் என்றால் ரிப்பீட்டர்: ஓர் அலைவரிசையில் கேட்டதை இன்னொன்றில் பலமாகத் திருப்பிச் சொல்லும்.

ஆனால் எரியும் வீட்டுக்குள் போகும்போது டிஸ்பாட்சர் எங்களை வேறு சேனலுக்கு அனுப்பிவிடுவார். ‘ஃபயர்கிரவுண்ட் 3’ என்பது மாதிரி. பெரும்பாலும் அது டவர் இல்லாத நேரடிச் சேனல். என் கையிலிருந்து உங்கள் கைக்கு. அரை மைல் தாண்டாது, தாண்டவும் வேண்டாம். மாடியில் நான் மாட்டிக்கொண்டால் என் குரல் வாசலில் நிற்கும் தலைவருக்குக் கேட்க வேண்டும். பதினைந்து மைல் தள்ளி இருக்கும் டவர் அன்றைக்கு மூடிக்கொண்டால்கூட.

இந்தப் பிரிவினைக்கு விலை கொடுக்கப்பட்டிருக்கிறது. 1988 ஜூலை 1, நியூஜெர்சியில் ஹேக்கன்சாக். ஒரு கார் விற்பனைக் கூடத்தின் கூரையில் தீ. வில் வடிவ மரச் சட்டத்தின் மேல் நின்ற கூரை இடிந்து விழுந்தது. மூன்று பேர் அப்போதே இறந்தார்கள். இரண்டு பேர் உள்ளே ஒரு கருவி அறையில் மாட்டிக்கொண்டு ரேடியோவில் திரும்பத் திரும்ப உதவி கேட்டார்கள். தீக்களத்தின் பேச்சும் டிஸ்பாட்ச் பேச்சும் ஒரே சேனலில் நெரிந்துகொண்டிருந்தன. அவர்கள் குரல் வெளியே நின்றவர்களுக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. அவர்களும் இறந்தார்கள். எங்கள் பயிற்சி வகுப்பில் இந்தத் தீயைப் பற்றிச் சொல்லும்போது யாரும் போனை நோண்டுவதில்லை.

2001 செப்டம்பர் 11 நியூயார்க் கதை எல்லோருக்கும் தெரிந்தது போல இருக்கும். ரேடியோ பகுதி அவ்வளவு தெரியாது. 1993-ல் அதே உலக வர்த்தக மையத்தில் குண்டு வெடித்தபோதே வாக்கி-டாக்கி மேல் மாடிகளுக்கு எட்டவில்லை என்று கண்டு, பின்னர் ஒரு ரிப்பீட்டர் வைத்தார்கள். அன்று காலை வடக்குக் கோபுரத்தில் நின்ற அதிகாரிகள் அதைச் சோதித்தார்கள். வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டிவிட்டார்கள். விசாரணை ஆணையம் பின்னால் கண்டது: ரிப்பீட்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதை இயக்க இரண்டு பொத்தான்கள். மேசையில் இருந்த ரேடியோக் கைக்கருவியை உயிர்ப்பிக்கும் இரண்டாவது பொத்தான் அழுத்தப்படவில்லை. தெற்குக் கோபுரத்துக்குப் போனவர்கள் அதே ரிப்பீட்டரில் பேசினார்கள். ஓர் அதிகாரி 78-வது மாடி வரை ஏறித் தகவல் சொன்னார். வடக்கே நேரடிச் சேனலில் ஆட்கள் ஒருவர் மேல் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார்கள். அன்று 343 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். ரேடியோ மட்டும் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஒரு பொத்தானை நினைக்காமல் என்னால் எந்தக் கருவியையும் யாருக்கும் கற்றுக்கொடுக்க முடிவதில்லை.

டிஜிட்டல் வந்தபோது எல்லாம் தீர்ந்துவிடும் என்றார்கள். தீராத ஒரு பிரச்சினை புதிதாக வந்தது. டிஜிட்டல் ரேடியோ நம் குரலை அப்படியே அனுப்புவதில்லை. மனிதத் தொண்டை எப்படிச் சத்தம் எழுப்பும் என்று ஒரு மாதிரி வைத்துக்கொண்டு, அந்த அச்சில் நம் பேச்சைப் பிழிந்து, சொற்ப எண்களாக அனுப்பி, மறுமுனையில் மீண்டும் குரலாகக் கட்டும். அமைதியான அறையில் அற்புதம். ஆனால் நாங்கள் பேசுவது முகமூடிக்குள் இருந்து. பக்கத்தில் மரம் அறுக்கும் ரம்பம் ஓடும். காற்று சிலிண்டர் தீரப் போகிறது என்று மணி அடிக்கும். அசையாமல் கிடந்தால் ஊளையிடும் எச்சரிக்கைக் கருவி ஊளையிடும். அந்தத் தொண்டை அச்சு இவற்றையும் மனிதக் குரல் என்று நம்பிக் கட்டப் பார்க்கும். வெளியே வருவது யாருக்கும் புரியாத கலவை. குரலை அப்படியே அனுப்பும் பழைய அனலாக்கில் இரைச்சலுக்கு நடுவே ‘உதவி’ என்ற சொல்லையாவது காது பொறுக்கி எடுக்கும். கொலராடோவில் போல்டர் நகரத்து அரசு ஆய்வுக்கூடம் 2008-ல் தீக்களச் சத்தங்களை வைத்தே இதைச் சோதித்து, சில சூழல்களில் டிஜிட்டல் பின்தங்குவதைக் காட்டியது. அதற்குப் பின் கருவிகள் தேறியிருக்கின்றன. இரைச்சலை வடிகட்டுவதில் நல்ல முன்னேற்றம். இருந்தாலும் எங்கள் கம்பெனியில் வீட்டுக்குள் போகும்போது இன்னும் அனலாக் நேரடிச் சேனல்தான். மைக்கை முகமூடியின் குரல் துவாரத்துக்கு ஓர் அங்குலம் இரண்டு அங்குலத்தில் பிடி என்பது எந்த ரேடியோவுக்கும் பொருந்தும்.

மாட்டிக்கொண்டால் என்ன சொல்வது என்பதற்கும் வாய்பாடு உண்டு. ‘மேடே’ என்று மூன்று முறை. உடனே எல்லோரும் வாயை மூட வேண்டும். பிறகு எங்கே இருக்கிறேன், எந்த வண்டி, என் பெயர், என்ன வேலையில் இருந்தேன், காற்று எவ்வளவு மிச்சம், என்ன வேண்டும். பயிற்சியில் கண்ணைக் கட்டிவிட்டு இதைச் சொல்லச் சொல்வார்கள். நான் முதல் முறை என் பெயரைச் சொல்ல மறந்தேன். ‘உன் பெயரை விட்டால் தேடிப் போகிறவன் யாரை எண்ணுவான்?’ என்று பயிற்சியாளர் கேட்டார்.

பெருநகர ஸ்டேஷன்களைப் பற்றியும் ஒரு வரி. அங்கே ஆட்கள் உள்ளேயே இருப்பதால் இடுப்புப் பேஜர் முக்கியமில்லை, கட்டிடமே கத்தும். ஆனால் தூங்குகிறவன் தலையில் திடீரென்று மணி அடித்தால் இதயம் தூக்கிப் போடுகிறது என்று, இப்போது பல இடங்களில் ஒலியை மெல்ல ஆரம்பித்து ஏற்றுகிறார்கள். விளக்கும் கண்ணைக் குத்தாமல் சிவப்பில் எரியும். அந்த வசதியெல்லாம் எங்களுக்கு இல்லை. என் மனைவி இன்னும் பழைய முறையில்தான் திடுக்கிட்டு எழுகிறாள், பாவம்.

இன்னொன்று. இந்தப் பேச்சு பெரும்பாலும் திறந்த வெளியில்தான் போகிறது. ஸ்கேனர் வாங்கி வைத்துக்கொண்டு கேட்கும் பாட்டிகள் எங்கள் ஊரில் நாலைந்து பேர் உண்டு. ஜனவரிக் குளிரில் மூன்று மணி நேரமாகத் தீயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தால், நாங்கள் யாரிடமும் சொல்லாமலே ஃபிளாஸ்கில் காபி வந்து நிற்கும். நோயாளியின் வீட்டு முகவரியும் அதே வழியில் ஊருக்கே கேட்கிறது என்பது அதன் மறுபக்கம். அதனால் சில இடங்களில் சங்கேதமாக்கத் தொடங்கிவிட்டார்கள். ஆம்புலன்ஸ் பேச்சை மூடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. தீயணைப்புச் சேனலை மூடினால், பக்கத்துக் கவுண்டியிலிருந்து உதவிக்கு வருகிறவனிடம் சாவி இல்லாமல் போய், ஒரே தீயில் நின்றுகொண்டு பேச முடியாத நிலை வரும்.

உங்கள் எதிர்வீட்டுக்காரரிடம் பேச்சுக் கொடுக்க ஒரு நல்ல நேரம் சொல்கிறேன். பெரும்பாலான கவுண்டிகளில் தினமும் குறித்த நேரத்துக்குச் சோதனை டோன் அடிப்பார்கள். எங்களுக்கு மாலை ஆறு மணி. ஆறானதும் கை தானாக இடுப்புக்குப் போகும். கத்தினால் சரி. கத்தவில்லை என்றால் பேட்டரியைக் கழற்றித் துடைத்து மாட்டிப் பார்ப்போம், அப்புறம் அடுத்த தெரு நண்பனுக்குப் போன் போட்டு ‘உன்னுடையது அடித்ததா?’ என்று கேட்போம்.